மூன்று மாதமாகியும் குமட்டல் விடவில்லையே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 36. எடையைக் குறைக்க மூன்று மாதங்களுக்கு முன் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 17 கிலோ குறைந்திருக்கிறது. ஆரம்பத்தில் இருந்த லேசான குமட்டல் தானாகவே அடங்கியது. திட உணவுக்கு மாறிய பிறகு மறுபடி ஆரம்பித்து, இப்போது ஐந்து வாரமாக நாள் முழுக்க இருக்கிறது. வாரத்தில் மூன்று நான்கு முறை வாந்தியும் வருகிறது. சில நாள் தண்ணீர் குடித்தால்கூட நெஞ்சிலேயே நிற்கிறது. சத்து மாத்திரைகளைப் பார்த்தாலே ஓங்கரிப்பதால் அவற்றையும் நிறுத்திவிட்டேன். வீட்டில், ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்கிறார்கள். வாழ்நாள் முழுக்க இப்படித்தானா?

பதில்: வாழ்நாள் முழுக்க இப்படி இருக்கத் தேவையில்லை. பெரும்பாலும் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்கும் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். முதல் சில வாரங்களில் உள் வீக்கத்தாலும் வலி மாத்திரைகளாலும் வரும் குமட்டல் வேறு. ஒருமுறை அடங்கி, மீண்டும் வந்து, வாந்தியோடு ஐந்து வாரம் நீடிப்பது வேறு.

குமட்டலைவிட என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் சத்து மாத்திரை விஷயம். அதை முதலில் பேசிவிடுவோம். வைட்டமின் பி1, அதாவது தயமின், உடலில் இருப்பாக இருப்பது இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். சாப்பாடு குறைந்து, வாந்தியும் வந்து, மாத்திரையும் நின்றுபோனால் அது வேகமாகத் தீர்ந்துவிடும். தயமின் குறைந்தால் பசி மந்தமாகி குமட்டல் இன்னும் கூடும். அதனால் சாப்பாடு மேலும் குறையும். அடுத்து நரம்புகளும் மூளையும் பாதிக்கப்படும். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பாதம் மரத்துப்போகும் அல்லது எரியும், பேச்சிலும் நினைவிலும் குழப்பம் வரும். கவனிக்காமல் விட்டால் நினைவாற்றல் பாதிப்பு நிரந்தரமாகிவிடவும் கூடும்.

இதில் ஒன்று இருந்தால்கூட, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எடை குறைப்பு ஆபரேஷன் செய்திருக்கிறது, வாந்தி இத்தனை வாரமாக இருக்கிறது, சத்து மாத்திரை சாப்பிடவில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். களைப்பாக இருக்கிறது என்று வெறும் குளுக்கோஸ் டிரிப்ஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி நிலைமை மோசமாகலாம். அதற்கு முன்போ கூடவோ தயமின் ஊசி போயாக வேண்டும். டாக்டருக்கே பாடம் எடுப்பதா என்று தயங்காதீர்கள். உங்களுக்குச் செய்த ஆபரேஷனைப் பற்றி அங்கிருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அறிகுறி எதுவும் இல்லையென்றாலும், ஓரிரு நாளில் உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்த்து தயமினைத் தொடங்குங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று இதற்குக் காத்திருக்கக் கூடாது.

சரி, குமட்டல் ஏன்? ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது ஒரு குறுகிய குழாய். அது பழைய இரைப்பையைப் போல விரிந்து கொடுக்காது. இரண்டு வாய் அதிகமானாலே உள்ளே அழுத்தம் ஏறி, உணவு மேலே தள்ளப்படும். அவசரமாகச் சாப்பிடுவது, சரியாக மெல்லாதது, வறண்ட இறைச்சி அல்லது ரொட்டி, சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிப்பது, இவைதான் வழக்கமான காரணங்கள். வாந்தி எடுத்ததும் நிம்மதியாகிவிடுகிறது என்றால் பெரும்பாலும் இந்த வகை.

உங்களுக்குத் தண்ணீரே நெஞ்சில் நிற்கிறது என்பதால், அந்தக் குழாய் எங்காவது சுருங்கியோ முறுக்கிக்கொண்டோ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எண்டோஸ்கோபி அல்லது மருந்து குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரியும். சுருக்கம் இருந்தால் பலருக்கு எண்டோஸ்கோபி வழியாகவே பலூனை வைத்து விரித்துவிட முடியும். ஒரே தடவையில் முடியாமலும் போகலாம்.

மற்றவையும் உண்டு. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இருந்தால் அமில எதுக்களிப்பு. ஸ்லீவுக்குப் பின் இது சகஜம். வலது விலாவுக்குக் கீழ் வலியோடு குமட்டினால் பித்தப்பைக் கல். எடை வேகமாகக் குறையும்போது கல் உருவாகும் வாய்ப்பு அதிகம். முன்பு சாப்பிட்ட அளவிலேயே சர்க்கரை மாத்திரையோ இரத்த அழுத்த மாத்திரையோ தொடர்ந்தால் அதுவும் குமட்டும், தலையும் சுற்றும். அப்புறம், கர்ப்பமா என்று ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எடை குறையும்போது நின்றிருந்த கருமுட்டை வெளியேற்றம் திரும்பிவிடுவதுண்டு. ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வோம், அதிலும் வாந்தி இருக்கும் நாளில் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது.

மருத்துவரைப் பார்க்கும்வரை திட உணவை நிறுத்தி, திரவ உணவுக்கே திரும்பிவிடுங்கள். ஒரே மூச்சில் குடிக்காமல், சில நிமிடத்துக்கு ஒரு மிடறு என்று நாள் முழுக்க உறிஞ்சினால் ஒன்றரை லிட்டர் வரை போகும். நீர்ச்சத்து குறைந்தாலே குமட்டும் என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். சூடான உணவின் வாசனையே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, ஆறியதோ குளிர்ந்ததோ சுலபமாக இறங்கும். சோடா வகை பானங்கள் வேண்டாம். சத்து மாத்திரைகளில் பெரும்பாலும் தொல்லை தருவது இரும்புச் சத்துதான். மருத்துவர் சம்மதித்தால் அதை மட்டும் சில நாள் தள்ளிவைத்து, மற்றவற்றை மெல்லும் மாத்திரையாகவோ சிரப்பாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

திட உணவுக்குத் திரும்பும்போது சின்னக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் இடையில் அதைக் கீழே வைத்துவிடுங்கள். தண்ணீர், சாப்பிட்டு அரைமணி கழித்துத்தான். சிலருக்கு வயிறு நிறைந்ததும் விக்கலோ தும்மலோ மூக்கில் நீரோ வரும். அதுதான் நிறுத்தச் சொல்லும் அறிகுறி; தட்டில் மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

வாந்தியை அடக்கும் மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி விழுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சுருக்கம் இருந்தால் அது வெளியே தெரியாமல் நாள் கடந்துவிடும். அடிக்கடி கொடுக்கப்படும் ஆண்டன்செட்ரான் மலச்சிக்கலை உண்டாக்கும், மலச்சிக்கலும் குமட்டலைக் கூட்டும். வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்லோஃபினாக் வகை மாத்திரைகளைத் தவிர்த்துவிடுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அதையும். இரண்டும் புண்ணை உண்டாக்கும்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட தங்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர் நிறமாகிவிட்டது, வாந்தியில் இரத்தம், கறுப்பு மலம், காய்ச்சலோடு கடும் வயிற்று வலி, படபடப்பு, மயக்கம், இதில் எது வந்தாலும் நேராக மருத்துவமனைதான். மருத்துவரிடம் போகும்போது என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடத்தில் குமட்டியது, வாந்தியில் வந்தது உணவா வெறும் நுரையா என்று இரண்டு நாள் குறித்து எடுத்துப் போங்கள். எந்தப் பரிசோதனையில் தொடங்குவது என்று அவர் முடிவெடுக்க அது உதவும்.