பிரேக் போட்டாலே ரிவர்ஸ் பீப்: ஆர்.சி. (ரிமோட் கன்ட்ரோல்) வண்டிச் சத்தம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: நிஜ டீசல் லாரியின் ஐடில் (நின்றபடி ஓடும் என்ஜின்) சத்தத்தைப் பதிவு செய்து என் ஆர்.சி. லாரியின் சவுண்ட் போர்டில் ஏற்றினேன். விநாடிக்கு ஒரு தடவை 'டக்' என்று வெட்டுகிறது. வேகம் கூட்டினால் தையல் மெஷின் போல ஆகிவிடுகிறது. ஏன்?

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறுகள். 'டக்' வருவது லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் சத்தத் துண்டின்) வாலும் தலையும் சேருமிடத்தில். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் எல்லா சிலிண்டரும் ஒரு முறை எரிய, கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஐடில் 600 ஆர்.பி.எம். என்றால் அதற்கு 0.2 விநாடி, 22,050 ஹெர்ட்ஸ் ஃபைலில் அது 4,410 சாம்பிள். லூப் இதன் முழு மடங்காக இருக்கட்டும். ஐந்து மடங்கு, அதாவது ஒரு விநாடி, நல்ல அளவு. ஒரு மடங்கோடு நிறுத்தினால் வெட்டு போகும். ஆனால் என்ஜினின் இயல்பான தடுமாற்றமும் கூடவே போய், ஈ ரீங்காரம்தான் மிஞ்சும். அலை பூஜ்யக் கோட்டைக் கீழிருந்து மேலாகக் கடக்கும் புள்ளியிலேயே இரு முனைகளையும் நறுக்குங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் பகுதியைத் தேர்ந்தெடுத்து 'இசட்' விசையைத் தட்டினால் முனைகள் பூஜ்யப் புள்ளிக்கு நகரும்.

தையல் மெஷினுக்கு வருவோம். போர்டு ஐடில் ஃபைலையே வேகமாக ஓட்டித்தான் ஆர்.பி.எம். கூட்டுகிறது. அப்போது எரிப்பின் தாளத்தோடு இரும்பு பிளாக்கின் அதிர்வுச் சுருதியும் ஏறிவிடும். நிஜ என்ஜினில் அந்தச் சுருதி அப்படி ஏறாது. அதிகபட்ச வேக விகிதத்தை ஐடிலைப் போல 3 மடங்குக்குள் வையுங்கள். கனரக டீசலுக்கு அதுவே தாராளம். போர்டு இடம் கொடுத்தால் 1,500 ஆர்.பி.எம்.மில் எடுத்த இன்னொரு ஃபைலையும் ஏற்றுங்கள்.

கேள்வி: பிரேக் போட்டாலே ரிவர்ஸ் பீப் அடிக்கிறது. சில நாள் வண்டி சும்மா நிற்கும்போதும் அடிக்கிறது.

பதில்: போர்டுக்குத் தெரிவது ரிசீவர் தரும் பல்ஸ் மட்டுமே. 1,500 மைக்ரோசெகண்ட் நியூட்ரல். அதற்கு ஒரு பக்கம் முன்னே, மறு பக்கம் பின்னே. பல இ.எஸ்.சி.களில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) ஸ்டிக்கை முதல் தடவை இழுத்தால் பிரேக், நடுவுக்கு விட்டு மறுபடி இழுத்தால்தான் ரிவர்ஸ். போர்டிலும் இதே 'இரட்டை இழுப்பு' முறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் இ.எஸ்.சி.யை நேரடி ரிவர்ஸுக்கு மாற்றலாம். மெதுவாகப் பாறை ஏறும் கிராலருக்குச் சரி, வேகமாக ஓடும் வண்டிக்கு வேண்டாம், கியர் பல் உடையும்.

நிற்கும்போது அடிப்பது டிரிம் (ரிமோட்டில் நடுப்புள்ளியை நகர்த்தும் பட்டன்) செய்யும் வேலை. டிரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து போர்டில் நியூட்ரலை மறுபடி பதியுங்கள். டெட்பேண்ட் (நியூட்ரலாகவே எடுத்துக்கொள்ளும் இடைவெளி) இருபுறமும் 30 மைக்ரோசெகண்ட் இருந்தால் போதும்.

கேள்வி: மோட்டார் ஓடும்போது ஸ்பீக்கரில் 'கீய்ய்' என்ற இரைச்சல். ஹாரன் அடித்தால் போர்டு ரீஸ்டார்ட் ஆகிறது.

பதில்: இ.எஸ்.சி.யின் சுவிட்சிங் இரைச்சல் பி.இ.சி. (ரிசீவருக்கு 5 வோல்ட் போன்ற சப்ளை தரும் சர்க்யூட்) வழியாக ஆம்ப்ளிஃபையருக்குள் நுழைகிறது. சவுண்டுக்குத் தனி 5 வோல்ட் பி.இ.சி. கொடுங்கள், ரிசீவரிலிருந்து வரும் சிவப்பு வயரைக் கழற்றிவிடுங்கள், கறுப்பு வயர் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபையரின் சப்ளை முனையிலேயே 1,000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கெப்பாசிட்டர் வைத்தால் ரீஸ்டார்ட் பெரும்பாலும் நிற்கும். பி.ஏ.எம். 8403 ஆம்ப்ளிஃபையர் சிப் போட்டிருந்தால் 5.5 வோல்ட்டைத் தாண்டாதீர்கள். அதன் ஸ்பீக்கர் முனை எதையும் கிரவுண்டிலோ சேசிஸிலோ தொடவிடவும் கூடாது.