எந்த டேப், எந்த மிக்ஸ்? – ரீமாஸ்டர் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தைப் படித்துத்தான் சோல் பாடகர்கள் ஓடிஸ் ரெடிங்கையும் மார்வின் கேயையும் கேட்க ஆரம்பித்தேன். இப்போது ஒரு குழப்பம். ஸ்ட்ரீமிங்கில் தேடினால் ஒரே ஆல்பத்துக்கு மூன்று நான்கு பதிப்புகள் வருகின்றன. ஒன்றில் ‘ரீமாஸ்டர்’ என்றும் இன்னொன்றில் ‘டீலக்ஸ்’ என்றும் இருக்கிறது, வேறொன்றில் எதுவுமே இல்லை. புதிய ரீமாஸ்டர் போட்டவுடன் பளிச்சென்று கேட்கிறது. ஆனால் அரை மணி நேரத்தில் காது களைத்து, நிறுத்திவிடுகிறேன். பழைய சிடியில் அப்படி ஆவதில்லை. இது என் பிரமையா?

‘ஓடிஸ் ப்ளூ’, ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ இரண்டையும் எல்.பி.யாக வாங்கிவரச் சொல்லி அமெரிக்காவில் இருக்கும் நண்பரிடம் கேட்டிருக்கிறேன். உறையில் ‘180 கிராம்’, ‘ஒரிஜினல் மாஸ்டர் டேப்பிலிருந்து’ என்றெல்லாம் ஒட்டியிருக்கிறார்களாம். எதைப் பார்த்து வாங்குவது?

எஸ்.,
கோவை

அன்புள்ள எஸ்.,

பிரமை இல்லை. உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. ரீமாஸ்டர் என்பது பழைய பதிவின் ஒலியைப் புது வெளியீட்டுக்காகத் திருத்தித் தயாரிப்பது.

சிடியிலும் டிஜிட்டல் கோப்பிலும் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட முடியாது. பாட்டை மேலும் சத்தமாக்க வேண்டுமென்றால், ஸ்னேர் டிரம் அடிபடும் கணத்தில் எழும் உச்சங்களை லிமிட்டரால் நறுக்கிவிட்டு, கிடைத்த இடைவெளியில் மொத்த ஒலியையும் மேலே தூக்குவார்கள். ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளில் ஒன்று 2 டெசிபல் கூடுதலாக இருந்தால்கூட, அதில்தான் பேஸும் ட்ரெபிளும் நிறைவாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். முதல் நிமிடத்தில் நீங்கள் உணரும் பளிச்சுக்குக் காரணம் இது. பிறகு களைப்பு வருவதற்குக் காரணம், அந்தப் பதிப்பில் மெல்லிய இடம் என்று ஒன்று இல்லாமல் போனது. டிரம்மின் அடி பின்னணி கிதாரின் அளவுக்கே சுருங்கிவிட்டால், காதுக்கு இளைப்பாற இடம் கிடைப்பதில்லை.

இதன் எல்லையைத் தெரிந்துகொள்ள ஸ்டூஜஸ் இசைக்குழுவின் ‘ரா பவர்’ போதும். 1973இல் வந்த ஆல்பத்தின் பெரும்பகுதியை டேவிட் போவி மிக்ஸ் செய்திருந்தார், அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துச் சேர்த்திருந்தார். 1997இல் குழுவின் பாடகர் இகி பாப் தானே அதை மறுபடி மிக்ஸ் செய்து, ஒலியளவை வேண்டுமென்றே உச்சத்தில் வைத்தார். உடைந்து கரகரக்கும் ஒலி அந்த இசைக்குப் பொருந்துகிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, பேஸ் கிதார் இருக்கும் இடமே தெரிவதில்லை. 2010 பதிப்பில் போவியின் மிக்ஸ் திரும்பி வந்தது. நேரெதிர் உதாரணம் 2009 செப்டம்பரில் வெளியான பீட்டில்ஸ் ரீமாஸ்டர்கள். ஏபி ரோடு ஸ்டூடியோவில் நான்கு ஆண்டு வேலை. ஸ்டீரியோ தட்டுகளுக்கு 3, 4 டெசிபல் அளவில் மட்டும் லிமிட்டிங் செய்தார்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் மோனோ தட்டுகளுக்கு அதுவும் இல்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு சிடிகளும் கையில் இருந்தால் ஒரே பாட்டை இரண்டிலிருந்தும் தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஃபூபார்2000 மென்பொருளில் இரண்டையும் தேர்ந்தெடுத்து ரீப்ளேகெய்ன் ஸ்கேன் செய்தால் ஒலியளவு சமமாகிவிடும். பிறகு அதன் ஏபிஎக்ஸ் கருவியில், ரீப்ளேகெய்ன் பெட்டியில் டிக் போட்டுவிட்டு, எது எது என்று தெரியாமல் கேளுங்கள். 16 முறையில் 12 முறையாவது சரியாகக் கண்டுபிடித்தால் வித்தியாசம் உண்மையில் இருக்கிறது என்று நம்பலாம். ஒலியளவைச் சமப்படுத்தாமல் செய்யும் ஒப்பீடு எதையும் நம்பாதீர்கள். ஸ்ட்ரீமிங் மட்டும்தான் என்றால், செயலியின் அமைப்புகளில் ஒலியளவைச் சமன்செய்யும் நார்மலைஸ் வசதியைப் போட்டு, ‘நார்மல்’ அளவில் வையுங்கள். ஸ்பாட்டிஃபையில் ‘லவுட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதுவே ஒரு லிமிட்டரைக் கூட்டிவிடும்.

அடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் கோப்பைத் திறந்து அலைவடிவத்தைப் பார்ப்பதும் உதவும். ஆனால் ‘ஷோ கிளிப்பிங்’ காட்டும் சிவப்புக் கோடுகளை மட்டும் நம்ப முடியாது. உச்சவரம்புக்குச் சற்றுக் கீழேயே லிமிட்டரை நிறுத்திவிட்டால் ஒரு சிவப்புக் கோடும் வராது. பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா உச்சங்களும் ஒரே உயரத்தில் மட்டமாக நின்றால் நறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் டி.ஆர். எண்ணைப் பார்த்து வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எல்.பி.யிலிருந்து எடுத்த கோப்பில் அந்த எண் இயல்பாகவே கூடுதலாக வரும். ஊசியும் கார்ட்ரிட்ஜும் அலையின் வடிவத்தை மாற்றி, நறுக்கிய உச்சிகளை மறுபடி கூராக்கிக் காட்டுகின்றன. டி.ஆர். 7 சிடியும் டி.ஆர். 11 எல்.பி.யும் ஒரே மாஸ்டராக இருக்க வாய்ப்புண்டு.

அதற்காகப் பழைய சிடி எல்லாம் நல்லது என்ற முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். 1980களில் அவசர அவசரமாக வெளியான பல சிடிகள், எல்.பி. வெட்டுவதற்காகத் தயாரித்த நகல் டேப்பிலிருந்து வந்தவை. ஊசி குதிக்காமல் இருக்க பேஸைக் குறைத்து, ட்ரெபிளை அடக்கி வைத்த நகல்கள் அவை. நகலெடுக்கும்போது இரைச்சலும் கூடும். அந்தக் காலத்துச் சில சிடிகளில் ப்ரீ-எம்ஃபசிஸ் என்ற ஏற்பாடும் உண்டு. 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 7.6 டெசிபல் கூட்டிப் பதிந்திருப்பார்கள், சிடி பிளேயர் அதைத் திரும்பக் குறைத்துக்கொள்ளும். கணினியில் எடுக்கும்போது அந்தக் குறியீட்டை மென்பொருள் கவனிக்காமல் விட்டால் பாட்டு சீறிக்கொண்டு கேட்கும். சாக்ஸ் நிரலில் ‘டீஎம்ஃப்’ கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.

இனி டேப்புக்கு வருகிறேன். ரீமாஸ்டர் நன்றாக வருவதும் கெடுவதும் முக்கால்வாசி இங்கேதான் முடிவாகிறது. மாஸ்டர் டேப் என்பது இறுதி மிக்ஸ் பதிவான கால் அங்குல டேப், சில சமயம் அரை அங்குலம். அதன் தொடக்கத்தில் 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலிகள் பதிவாகியிருக்கும். அவற்றை ஓட்டித்தான் மிஷினின் ஹெட் சாய்வான அசிமத்தையும் ஈக்வலைசேஷனையும் திருத்த வேண்டும். ஹெட் சாய்வு இம்மி பிசகினாலும் சிம்பலின் ஒலி கலங்கிவிடும். இதை வீட்டிலும் கண்டுபிடிக்கலாம். ஆம்ப்ளிஃபயரின் மோனோ பொத்தானை அழுத்துங்கள். ஹை-ஹாட் சிம்பலின் ஒலி திடீரென்று மங்கினால் அசிமத்தைச் சந்தேகிக்கலாம். இரைச்சலைக் குறைக்கும் டால்பி-ஏ போட்டுப் பதிந்த டேப்பை அதே டால்பி-ஏ வழியாகத் திரும்ப எடுக்காவிட்டால், இரைச்சலோடு காதைக் கூசவைக்கும் ஒலிதான் கிடைக்கும்.

1970களின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 456 போன்ற டேப்புகளில் இன்னொரு சிக்கல். காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் டேப் ஹெட்டில் ஒட்டிக் கீச்சிடும், துகள் பழுப்பாக உரிந்து வரும், அதோடு இசையும் போய்விடும். அதனால் 54 டிகிரி செல்சியஸ் அளவில், டேப்பின் அகலத்தைப் பொறுத்து 8 மணி நேரமோ அதற்கு மேலோ, சூடு சீராக இருக்கும் பெட்டியில் வைத்து உலர்த்துகிறார்கள். அதன்பின் சில வாரங்களுக்கு டேப் ஓடும். அதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கு முந்தைய காலத்து அசிடேட் டேப்பை இப்படிச் சூடாக்கவே கூடாது, சுருங்கிப் பாழாகிவிடும்.

மிக்ஸ் என்பது தனி விஷயம். ரீமாஸ்டரில் மிக்ஸ் மாறுவதில்லை. ரீமிக்ஸ் என்றால், ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவான மல்ட்டிட்ராக் டேப்புக்குத் திரும்பிப் போய் குரல், டிரம், கிதார் ஒவ்வொன்றின் அளவையும் புதிதாக முடிவு செய்கிறார்கள். உறையில் இதைத் தெளிவாகச் சொல்லாத பதிப்புகள் ஏராளம். பீட்டில்ஸின் ‘ஹெல்ப்!’, ‘ரப்பர் சோல்’ இரண்டையும் ஜார்ஜ் மார்ட்டின் 1986இல் மறுபடி மிக்ஸ் செய்தார். 2009 ஸ்டீரியோ பதிப்பும் அந்த மிக்ஸ்தான். 1965இன் அசல் ஸ்டீரியோ மிக்ஸ் வேண்டுமென்றால் 2009இல் வந்த மோனோ சிடித் தொகுப்புப் பெட்டிக்குள் தேட வேண்டும்! மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ டெட்ராய்ட்டில் ஒருமுறை மிக்ஸ் செய்யப்பட்டது. பிறகு அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடி செய்த மிக்ஸ்தான் 1971 மே மாதம் வெளியானது. கைவிடப்பட்ட டெட்ராய்ட் மிக்ஸ் 2001 டீலக்ஸ் பதிப்பில் இருக்கிறது. டீலக்ஸ் என்ற சொல்லுக்குப் பெறுமானம் இருக்கும் ஒரு சில இடங்களில் இது ஒன்று, கட்டாயம் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

அறுபதுகளில் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட சோல் இசையை ரீமிக்ஸ் செய்யப் பெரும்பாலும் வழியே கிடையாது. 1978 பிப்ரவரியில் நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்சில் இருந்த கிடங்கு எரிந்தபோது அந்த நிறுவனத்தின் மல்ட்டிட்ராக் டேப்புகளும் வெளிவராத பதிவுகளும் ஆயிரக்கணக்கில் அழிந்தன. வெளியான ஆல்பங்களின் மாஸ்டர்கள் பெரும்பாலும் நியூயார்க்கில் இருந்ததால் தப்பின. அந்த இழப்பை இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

‘ஓடிஸ் ப்ளூ’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். மோனோ வாங்குங்கள். பெரும்பாலும் 1965 ஜூலையில் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில், பழைய சினிமா தியேட்டர் ஒன்றில், பாடகரும் பேண்டும் ஒன்றாக நின்று பாடி வாசித்துப் பதிந்த ஆல்பம் அது. பின்னால் உட்கார்ந்து சரிசெய்ய அதிக ட்ராக்குகள் கிடையாது. வானொலியிலும் ஜூக்பாக்ஸிலும் கேட்பதற்காக மோனோவில்தான் ஒலியைக் கட்டினார்கள். ஹார்ன்களும் டிரம்மும் ஒன்றோடொன்று மோதி நடுவில் குரல் எழும் அழுத்தம் மோனோவில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. ரைனோ நிறுவனம் 2008இல் வெளியிட்ட இரட்டைச் சிடியில் மோனோ, ஸ்டீரியோ இரண்டும் இருக்கின்றன. எல்.பி. கிடைக்காவிட்டால் இதுவே போதும்.

‘ரூமர்ஸ்’ கதை வேறு. 1976இல் பதிவு செய்யும்போதே இரண்டங்குல 24 ட்ராக் டேப்பை ஓயாமல் ஓட்டி ஓட்டிக் காந்தத் துகள் உரிய ஆரம்பித்து, டிரம் ஒலியின் கூர்மை போய்விட்டது. நல்லவேளையாக அடிப்படை ட்ராக்குகளுக்கு இன்னொரு டேப் இருந்தது. இரண்டு மிஷின்களையும் ஒன்றாக ஓட்ட டைம்கோட் கிடையாது. ஹெட்போனில் ஒரு காதுக்கு ஒரு டேப்பாகப் போட்டு, ஹை-ஹாட்டும் ஸ்னேரும் ஒத்துவரும்படி வேகத்தைக் கையாலேயே கூட்டிக் குறைத்து, பின்னர் சேர்த்த குரல்களையும் கிதார்களையும் நல்ல டேப்புக்கு மாற்றினார்கள். 1977 எல்.பி.யில் நேரம் மிச்சம் இல்லை என்பதற்குச் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ சாட்சி: எல்.பி.யில் இடம் போதாமல் வெளியே போன பாட்டு அது. 2004 சிடியில் அதை ஆல்பத்தின் நடுவில் செருகினார்கள். பாட்டு அருமையானது, ஆனால் வரிசை குலைகிறது. எல்.பி. என்றால் ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேயும் மாஸ்டர் செய்த, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் இரட்டைத் தட்டைத் தேடச் சொல்லுங்கள். சுற்று வேகம் கூடும்போது தட்டின் உள்பக்கத்திலும் ட்ரெபிள் தேயாமல் இருக்கும்.

180 கிராம் என்பது தட்டின் எடை. ஒலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ‘மாஸ்டர் டேப்பிலிருந்து’ என்பதும் போதாது. டேப்புக்கும் வெட்டும் ஊசிக்கும் நடுவில் டிஜிட்டல் இருந்தாலும் அப்படி எழுதலாம். தட்டில் பள்ளம் வெட்டும் லேத் இயந்திரத்துக்கு, வரப்போகும் ஒலி எவ்வளவு பெரியது என்று சற்று முன்னதாகவே தெரிந்தால்தான் பள்ளங்களுக்கு இடையே இடம் விட முடியும். அதற்கென்று முன்கூட்டியே படிக்கும் கூடுதல் ஹெட் உள்ள டேப் மிஷின் வேண்டும். அது இல்லாத இடங்களில் ஒலியை டிஜிட்டல் டிலே வழியாக அனுப்பி வெட்டினார்கள். மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் வெளியிட்ட, முழுக்க அனலாக் என்று வாங்குபவர்கள் நம்பிய தட்டுகளில் டி.எஸ்.டி. என்ற டிஜிட்டல் படி இருந்தது 2022இல் வெளிவந்து, வழக்கு 2.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அந்தத் தட்டுகள் நன்றாகவே ஒலித்தன. தவறு ஒலியில் இல்லை, சொல்லாமல் விட்டதில்தான்.

ஆகவே கடையில் உங்கள் நண்பர் பார்க்க வேண்டியது ஸ்டிக்கரை அல்ல. பழைய தட்டு என்றால், லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையிலான வெற்றுப் பகுதியில் கீறியிருக்கும் எழுத்துகளைச் சாய்வான வெளிச்சத்தில் படிக்கச் சொல்லுங்கள். அவை தட்டை வெட்டியவரின் குறி: ஆர்.எல். என்றால் ராபர்ட் லட்விக், பி.ஜி. என்றால் பெர்னி கிரண்ட்மன், கே.பி.ஜி. என்றால் கெவின் கிரே. லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பத்தில் லட்விக் வெட்டிய முதல் தட்டுகள், மலிவான பிளேயர்களில் ஊசி குதிக்கிறது என்று சொல்லி ஒலியளவைக் குறைத்து மறுபடி வெட்டப்பட்டன. இன்றும் அந்த இரண்டெழுத்துக்காகவே பெரிய விலை கொடுக்கிறார்கள். சீலிட்ட புதுத் தட்டைக் கடையில் பிரிக்க முடியாது. அதற்கு உறையின் பின்பக்கத்தில் மாஸ்டரிங் செய்தவர் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பெயரும் இல்லாத பதிப்பு என்றால் நான் வாங்க மாட்டேன்.

தட்டு வந்ததும் முதலில் பாட்டு மங்கி முடியும் இடத்தைக் கேளுங்கள், கடைசி பத்து நொடி. இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கியிருந்தால் எதிரொலியின் வால் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் குழறும், சட்டென்று அறுந்துபோகும். மெல்லிய இரைச்சலோடு எதிரொலி கடைசிவரை தேய்ந்து போனால் அந்தப் பதிப்பை வைத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் உறையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்