பழைய போர் விமானங்களின் வேகப் பந்தயம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (மதுரை வாசகர்): ஜெட் விமானங்கள் வந்து இத்தனை ஆண்டுகளான பின்பும், அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போர்க் கால விமானங்களைக் கொண்டு பந்தயம் நடத்துகிறார்களாமே? ‘அன்லிமிடெட்’ பிரிவு என்பது என்ன?

பதில்: நெவாடா மாநிலத்தின் ரீனோ நகருக்கு அருகே, பில் ஸ்டெட் என்ற பண்ணை உரிமையாளர் 1964-இல் தொடங்கிய பந்தயம் அது. 1966 முதல் 2023 வரை அந்நகரின் ஸ்டெட் விமானத் தளத்தில் நடைபெற்று, 2025-இல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் நகருக்கு இடம் பெயர்ந்தது. அப்பந்தயத்தின் பல பிரிவுகளில் அன்லிமிடெட் பிரிவே மிகவும் வேகமான பிஸ்டன் எஞ்சின் பிரிவாகும். விமானம் புரொப்பெல்லரால் பறக்க வேண்டும், அதைச் சுழற்றுவது பிஸ்டன் எஞ்சினாக இருக்க வேண்டும். எஞ்சினின் அளவுக்கோ திறனுக்கோ வரம்பு கிடையாது.

பழைய விமானங்கள் ஏன் என்பதற்கு விடை எளிது. பிஸ்டன் எஞ்சின் தன் உச்சத்தை 1940-களில் எட்டியது. அதன்பின் ஜெட் வந்துவிட்டதால், அவ்வளவு பெரிய பிஸ்டன் எஞ்சினையும் அதைத் தாங்கும் போர் விமானத்தையும் புதிதாகச் செய்ய எந்த நாட்டுக்கும் தேவை எழவில்லை. ஆகவே மஸ்டாங், பேர்கேட், சீ ஃப்யூரி ஆகிய போர் விமானங்களே இப்பிரிவில் பெரும்பாலும் பறந்தன. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பாதையைக் குறிக்கும் கம்பங்களை ஒட்டி, தரையிலிருந்து மிகக் குறைந்த உயரத்தில், இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிப் பறக்க வேண்டும்.

கேள்வி (திருச்சி வாசகி): இந்தப் பந்தயத்தில் மறக்க முடியாத போட்டி என்று எதைச் சொல்வீர்கள்?

பதில்: தயக்கமின்றி ‘ரேர் பேர்’, ‘ஸ்ட்ரேகா’ என்ற இரு விமானங்களுக்கிடையே நடந்ததைத்தான் சொல்வேன். 1987 முதல் 1997 வரையிலான பதினோரு ஆண்டுகளில், ரீனோவின் அன்லிமிடெட் பட்டம் இவ்விரண்டைத் தவிர வேறெந்த விமானத்துக்கும் போகவில்லை.

ரேர் பேர் என்பது க்ரம்மன் நிறுவனத்தின் பேர்கேட் விமானம். கடற்படை விமானியாக இருந்த லைல் ஷெல்டன், இந்தியானா மாநிலத்தில் சிதைந்து கிடந்த அதை 1969-இல் வாங்கி, அதன் இயல்பான எஞ்சினுக்குப் பதிலாக ரைட் நிறுவனத்தின் 18 சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார். சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலச் சிலிண்டர்கள் சுற்றிலும் அமைந்த, காற்றால் குளிரூட்டப்படும் இந்த எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 55 லிட்டர். இத்தாலிய மொழியில் சூனியக்காரி என்று பொருள்படும் ஸ்ட்ரேகாவோ, பில் டெஸ்டெஃபானியின் மஸ்டாங். அதிலிருந்தது 12 சிலிண்டர்களும் 27 லிட்டர் கொள்ளளவும் கொண்ட ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின். கொள்ளளவில் பாதியே உள்ள எஞ்சின் எப்படி ஈடுகொடுத்தது என்பதில்தான் இப்போட்டியின் சுவை முழுவதும் இருக்கிறது.

பெரிய எஞ்சின் அதிகக் காற்றை இயல்பாகவே உள்ளிழுக்கும். ஆனால் அதன் அகன்ற முகம் காற்றை எதிர்த்து நிற்கும். மெர்லின் ஒடுங்கியது, மஸ்டாங்கின் மூக்கும் கூர்மையானது. அதில் சூப்பர்சார்ஜர் வழியாகக் காற்றை அழுத்தித் திணித்துத்தான் திறனைக் கூட்ட வேண்டும். போர்க்காலத்தில் மெர்லினுக்குள் அனுமதித்த அழுத்தம் பாதரச அளவில் அறுபது சொச்சம் அங்குலமாக இருந்தது. பந்தயக் குழுக்களோ 120 அங்குலத்தைத் தாண்டிச் சென்றன. அந்த அழுத்தத்தில் எரிபொருள் உரிய கணத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும் என்பதால், தண்ணீரும் மெத்தனாலும் கலந்த கரைசலை எரிபொருளோடு பீய்ச்சினார்கள். பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் மெர்லினின் சொந்தக் கனெக்டிங் ராடுகள் தாங்காதபோது, அவற்றைவிட உறுதியான, அலிசன் என்ற அமெரிக்க எஞ்சினின் ராடுகளை எடுத்துப் பொருத்தினார்கள். ஐந்து நிமிட உச்சத்திறனுக்கென்று வடிவமைத்த எஞ்சினை, எட்டுச் சுற்று முழுவதும் அந்த எல்லைக்கு அப்பால் வைத்து ஓட்டிய அந்த மெக்கானிக்குகளின் உழைப்பை, விமானிகளின் துணிவுக்கு ஒரு படி மேலாகவே நான் மதிக்கிறேன்.

1987-இல் ஸ்ட்ரேகா வென்றது. 1988 முதல் 1991 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஷெல்டனின் ரேர் பேர் வென்றது. 1991 இறுதிப் போட்டியில் அதன் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 775 கிலோமீட்டர். அந்த ஆண்டு களத்தில் ‘சுனாமி’ என்ற விமானமும் இருந்தது. பந்தயத்துக்கென்றே ஜான் சாண்ட்பெர்க் புதிதாகக் கட்டிய அது, ரீனோவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் தெற்கு டகோட்டாவில் விழுந்து நொறுங்கி, அதை ஓட்டிச் சென்ற சாண்ட்பெர்க்கையும் பலி கொண்டது. அடுத்த இரண்டு ஆண்டுகள் ஸ்ட்ரேகாவுடையவை. 1994-இல் ஜான் பென்னி ரேர் பேரை ஓட்டிப் பட்டத்தை மீட்டார். அதன்பின் மூன்று ஆண்டுகள் மீண்டும் டெஸ்டெஃபானி. 2009-இல் இரு விமானங்களும் மறுபடி மோதியபோது, 22 வயதே ஆன ஸ்டீவன் ஹின்டன் ஸ்ட்ரேகாவை மணிக்குச் சுமார் 791 கிலோமீட்டர் சராசரியில் செலுத்தி வென்றார்.

கேள்வி (கோவை வாசகர்): பிஸ்டன் விமானங்களின் உலக வேகச் சாதனை பற்றி விளக்குங்கள்.

பதில்: பந்தயச் சராசரி வேறு, உலகச் சாதனை வேறு. சாதனைக்கு, தாழ்வாக 3 கிலோமீட்டர் நேர்ப்பாதையில் இரு திசைகளிலும் பறக்க வேண்டும். காற்றின் துணையும் தடையும் கழிந்துபோகச் சராசரி எடுப்பார்கள். 1939 ஏப்ரல் 26 அன்று ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ் வெண்டல், மெஸ்ஸர்ஷ்மிட் 209 விமானத்தில் மணிக்கு 755 கிலோமீட்டரைத் தொட்டார். போர் தொடங்கி முடிந்து, மனிதர் நிலவில் கால் வைத்த பிறகும் அச்சாதனை நின்றது. 1969 ஆகஸ்ட் 16 அன்று, லாக்ஹீட் நிறுவனத்தின் சோதனை விமானியான டேரில் க்ரீனமையர், தன் சொந்த பேர்கேட்டில் 777 கிலோமீட்டர் பறந்து அதை முறியடித்தார். 1979 ஆகஸ்ட் 14 அன்று, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர் கொண்ட ‘ரெட் பேரன்’ மஸ்டாங்கில், மேலே சொன்ன ஸ்டீவனின் தந்தை ஸ்டீவ் ஹின்டன் 803 கிலோமீட்டரை எட்டினார். அடுத்த மாதமே ரீனோவில் அவ்விமானம் தரையில் மோதி அழிந்தது, அவர் பலத்த காயத்துடன் உயிர் பிழைத்தார். 1989 ஆகஸ்ட் 21 அன்று ஷெல்டனின் ரேர் பேர் 850.24 கிலோமீட்டரை எட்டியது.

கடைசி மூன்று சாதனைகளும் ஆகஸ்ட் மாதத்தில் நிகழ்ந்தது தற்செயலன்று. புரொப்பெல்லரின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அதன் இழுவிசை சரியத் தொடங்கும். வெப்பக் காற்றில் ஒலியின் வேகம் கூடும் என்பதால், கடும் வெயில் நாளில் அந்தத் தடை சற்றுத் தள்ளி நிற்கும்.

கேள்வி (சென்னை வாசகர்): 2011 விபத்துக்கு என்ன காரணம்?

பதில்: 2011 செப்டம்பர் 16 அன்று, ஜிம்மி லீவர்டு ஓட்டிய ‘கேலப்பிங் கோஸ்ட்’ மஸ்டாங் பார்வையாளர் பகுதிக்கு அருகே விழுந்ததில், அவரோடு பத்துப் பார்வையாளர்களும் உயிரிழந்தார்கள். வால்பகுதியில் விமானத்தின் சமநிலையைச் சீர்செய்யும் சிறு மடிப்புத் தகட்டைப் பிடித்திருந்த திருகுகள் தளர்ந்திருந்தன. பழைய பூட்டு நட்டுகளை மறுபடியும் பயன்படுத்தியதே அதற்குக் காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. அந்தத் தகடு அதிர்ந்து உடைந்த கணத்தில் விமானம் செங்குத்தாய் எழும்ப, விமானியின் உடல் எடை பதினேழு மடங்காகி அவர் நினைவிழந்தார்.

கேள்வி (சேலம் வாசகி): ரேர் பேரின் சாதனை முறியடிக்கப்பட்டுவிட்டதா?

பதில்: வேகத்தில் முந்தப்பட்டுவிட்டது, விதிப்படி முறியடிக்கப்பட்டதாகச் சொல்ல இயலாது. 2009-இல் வென்ற ஸ்டீவன் ஹின்டன், 1979 சாதனையாளர் ஸ்டீவ் ஹின்டனின் மகன். அவர் 2017 செப்டம்பர் 2 அன்று ஐடஹோ மாநிலத்தில் ‘வூடூ’ மஸ்டாங்கில் நான்கு முறை பறந்து, சராசரியாக மணிக்கு 855.41 கிலோமீட்டரை எட்டினார். ஒரு சாதனையை விஞ்ச ஒரு சதவீதமாவது கூடுதல் வேகம் வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அதற்கு 858 கிலோமீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும். இடையில் பிரிவுகளும் மாற்றியமைக்கப்பட்டிருந்ததால், வூடூவின் வேகம் அதற்குரிய எடைப் பிரிவில் புதிய சாதனையாகப் பதிவானது.