பாலே ஸ்கூல் தேடுறீங்களா? முதல்ல ஒரு கிளாஸ் உக்காந்து பாருங்க

கேள்வி: எங்க பொண்ணுக்கு வர்ற மாசம் 6 வயசு ஆகுது. டிவில பாத்த நாள்லேர்ந்து பாலே பாலேன்னு ஒரே நச்சரிப்பு. சாட்ஸ்வர்த்ல எங்க வீட்டுக்கு நாலு ரோடு தள்ளி ஒரு டீச்சர் சர்ச் ஹால்ல சொல்லித் தர்றாங்க, ஃபீஸும் கம்மி. உம்லாங்கா பக்கம் பெரிய ஸ்டூடியோ ஒண்ணு இருக்கு, செவுரு பூரா கப்பு, மெடல். வீட்டுக்காரர் அங்கயே சேத்துடலாம்ங்கறார். மாமியார் பரதநாட்டியம் இருக்கும்போது இது எதுக்குன்னு கேக்கறாங்க. எதப் பாத்து முடிவு பண்றது அக்கா? (ஒரு அம்மா, சாட்ஸ்வர்த், டர்பன்)

பதில்: தங்கச்சி, அந்தக் கப்பையெல்லாம் கொஞ்சம் மறந்துடுங்க. அத வாங்கினது வாரத்துக்கு நாலஞ்சு நாள் வந்து ஆடுற பெரிய பிள்ளைங்களா இருக்கும், சின்னப் பிள்ளைங்க கிளாஸ எடுக்கறது வேற டீச்சராக்கூட இருக்கலாம். அதனால "என் பொண்ணுக்கு யாரு சொல்லித் தருவாங்க, அவங்க கிளாஸ் ஒண்ண நான் உக்காந்து பாக்கலாமா"ன்னு ரெண்டு எடத்துலயும் கேளுங்க. தினமும் பெத்தவங்கள உள்ள விடமாட்டாங்க, பிள்ளைங்க கவனம் செதறும், அது சரிதான். ஆனா சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவகூட பாக்கக் கூடாதுன்னு சொன்னா அங்க சேக்காதீங்க.

உள்ள போனதும் முதல்ல தரையப் பாருங்க. குதிகால ஒரு தட்டு தட்டினாலே தெரிஞ்சிடும், சிமெண்ட் தரை மேல நேரா வினைல் ஒட்டியிருந்தா சத்தமே வராம கெட்டியா இருக்கும், பலகைத் தரையா அடியில கொஞ்சம் எடம் விட்டுப் போட்டிருந்தா லேசா துள்ளும். பாலேல குதிக்காத கிளாஸே கிடையாது, அந்த அதிர்ச்சி பூரா பிள்ளைங்க கணுக்கால்லயும் முட்டியிலயும்தான் போய் இறங்கும். பழைய சர்ச் ஹால் நெறைய பலகைத் தரைதான், அதனால பளபளன்னு கண்ணாடி வச்ச ஸ்டூடியோவ விட உங்க தெரு ஹாலே நல்லதா இருந்தாலும் இருக்கும்.

அடுத்தது முட்டி. பிளியேன்னு முட்டிய மடக்கி இறங்குவாங்க, அப்போ முட்டி கால் விரல் போற பக்கமே போகணும். பாதம் ரெண்டும் பக்கவாட்டுல ஒரே கோடா விரிஞ்சிருக்கு, ஆனா முட்டி மட்டும் முன்னாடி பாக்குது, பாதத்தோட உள்பக்கம் தரையில சாஞ்சு கெடக்குதுன்னா, அந்த விரிப்பு இடுப்புலேர்ந்து வரல, முட்டியத் திருகி வருது. 6 வயசுப் பிள்ளைக்கு கொஞ்சம் விரிஞ்சாலே போதும். டீச்சர் அதப் பாத்து "கொஞ்சம் உள்ள கொண்டு வா"ன்னு சொல்றாங்களா இல்ல இன்னும் விரின்னு கையால தள்றாங்களா, இது ஒண்ணுலயே அவங்களப் பத்தி பாதிக்கு மேல தெரிஞ்சிடும். பிள்ளைங்க ஒடம்பப் பத்தி, குண்டு ஒல்லின்னு ஒரு வார்த்தை வந்தாலும் அங்க வேணாம்.

எந்த முறைன்னும் கேளுங்க. நம்ம தென்னாப்பிரிக்கால அதிகமா நடக்கறது ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ், சுருக்கமா ஆர்ஏடி, 1920-ல லண்டன்ல ஆரம்பிச்சது. செக்கெட்டி முறையும் இருக்கு. எது நல்லதுன்னு மண்டைய ஒடச்சுக்க வேண்டாம், டீச்சர் அதுல முறையா ட்ரெயினிங் எடுத்து ரெஜிஸ்டர் பண்ணியிருக்காங்களான்னு மட்டும் பாருங்க. ஆர்ஏடில பிரைமரி எக்ஸாம் எழுத குறைஞ்சது 6 வயசு, கிரேடு 1-க்கு 7. அவசரமே இல்ல. வருஷம் பூரா எக்ஸாம் டான்ஸ் ஒண்ணையே திரும்பத் திரும்ப ஆட வைக்கற எடத்துல கிரேடு ஏறும், ஆட்டம் வராது.

இன்னொண்ணு, கேக்க கூச்சப்படாதீங்க. பிள்ளைங்களோட வேலை பாக்கறவங்க பேரு, பிள்ளைங்ககிட்ட விடக் கூடாதவங்க பட்டியலான சைல்ட் ப்ரொடெக்‌ஷன் ரெஜிஸ்டர்ல இல்லன்னு செக் பண்ணியிருக்கணும், சில்ட்ரன்ஸ் ஆக்ட்லயே இருக்கு. நல்ல டீச்சர் இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாங்க. ஃபீஸையும் டெர்ம் கணக்குல கேக்காம எக்ஸாம், டிரஸ், வருஷக் கடைசி கான்செர்ட் எல்லாம் சேத்து ஒரு வருஷத்துக்கு எவ்ளோன்னு கேளுங்க.

சாயங்காலம் ஸ்கூல் விட்டு ஹிக்கின்சன் ஹைவே டிராஃபிக்ல உம்லாங்கா வரைக்கும் போய் வந்தா பிள்ளை சாப்பிடாம கார்லயே தூங்கிடும். தரையும் டீச்சரும் சரியா இருந்தா இந்த வயசுக்கு என் ஓட்டு பக்கத்து ஹாலுக்குத்தான்.

அத்தைகிட்ட ரெண்டையும் கத்துக்கலாம்னு சொல்லுங்க. பரதநாட்டியத்துல முட்டிய மடக்கி பாதி உக்கார்ற அரைமண்டிக்கும் இடுப்புலேர்ந்துதான் விரியணும், அதனால ஒண்ணு இன்னொண்ணுக்கு ஒத்தாசையா இருக்கும். ரெண்டு கிளாஸும் ஒரே நாள்ல வேணாம், அவ்ளோதான்.

கேள்வி: பொண்ணுக்கு 10 வயசு. கூடப் படிக்கற பிள்ளைங்க வேற ஸ்கூல்ல பாயிண்ட் ஷூ, அதான் விரல் நுனியில நின்னு ஆடுற ஷூ, போட்டாச்சு. இவ டீச்சர் இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்ங்கறாங்க. ஸ்கூல் மாத்தணுமா? (ஒரு அப்பா, லெனேசியா)

பதில்: மாத்தாதீங்க அண்ணா, அந்த டீச்சர கெட்டியாப் புடிச்சுக்கோங்க. அந்த வயசுல பாத எலும்பு இன்னும் வளந்துட்டு இருக்கு, ஒடம்பு வெயிட் பூரா விரல் நுனியில ஏத்தினா அந்த எளசான எலும்புதான் தாங்கணும். ஆர்ஏடிலயே பாயிண்ட் வேலை வர்ற இண்டர்மீடியட் ஃபவுண்டேஷன் எக்ஸாமுக்கு குறைஞ்சது 11 வயசு ஆகணும், அதுவும் வயசு வந்தா மட்டும் போதாது. ஒத்தக் கால்ல நின்னு குதிகாலத் தூக்கி எறக்கறப்போ கணுக்கால் ஆடாம இருக்கா, வாரத்துக்கு ரெண்டு கிளாஸாவது விடாம சில வருஷம் வந்திருக்காளா, இதெல்லாம் பாத்துத்தான் டீச்சர் சரின்னு சொல்வாங்க. அந்த நாள் வந்ததும் ஷூவ ஆன்லைன்ல வாங்கிடாதீங்க, "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா இருக்கட்டும்"னும் வாங்கிடாதீங்க, கடைக்குக் கூட்டிட்டுப் போய் கால்ல போட்டு நிக்க வச்சுப் பாத்து வாங்கணும்.

கேள்வி: என் பேரன் 8 வயசு, அக்காவ விடப் போற எடத்துல பாத்துப் பாத்து அவனுக்கும் ஆசை வந்துடுச்சு. அவங்கப்பன் ஆம்பளப் பிள்ளைக்கு இது வேணாம்ங்கறான். நான் என்ன சொல்ல? (ஒரு தாத்தா, ஃபீனிக்ஸ்)

பதில்: தாத்தா, ஜோஹார் மொசாவல் பேர உங்க மகன்கிட்ட சொல்லுங்க. 1928-ல கேப் டவுன்ல டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்ங்கற ஏரியால ஒரு முஸ்லிம் குடும்பத்துல பொறந்தவர், பாலேல சேந்தப்போ அவங்க ஆளுங்களே எதுத்தாங்க, வெள்ளைக்காரங்களுக்குத்தான் மேடைன்னு இருந்த காலம் வேற. அவர் லண்டன் போயி ராயல் பாலே கம்பெனில பிரின்சிபல் டான்சரா, அதாவது முக்கிய ஆட்டக்காரரா, ஆடினார். ரஸ்டென்பர்க்ல பொறந்த ஜான் கிராங்கோ 1961-ல ஜெர்மனி ஸ்டுட்கார்ட் பாலேக்குத் தலைவராப் போய் அத உலகமே திரும்பிப் பாக்கற கம்பெனியா ஆக்கினார். ரெண்டு பேரும் நம்ம நாட்டு ஆம்பளைங்கதான்.

ஸ்கூல் பாக்கறப்போ ரெண்டு கேள்வி கூடுதலா கேளுங்க. வேற பையன் யாராவது இருக்கானா? தனியா இருந்தா பல பசங்க கொஞ்ச நாள்ல நின்னுடறாங்க. பசங்களுக்குன்னு இருக்கற குதிப்பு, சுத்தலெல்லாம் இந்த டீச்சர் தனியாச் சொல்லித் தருவாங்களா, இல்ல பொண்ணுங்க ஆட்டத்தையே அவனையும் ஆட வைப்பாங்களா? அக்கா போற எடத்துலயே இது ரெண்டும் இருந்தா வேற எங்கயும் தேட வேண்டாம். ஒரு ட்ரையல் கிளாஸுக்கு அவங்கப்பாவையே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க தாத்தா, நீங்க போகாதீங்க.