துத்தநாக ஆக்சைடும் வியூகமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் இயற்பியலில் பிஎச்டி ஐந்தாம் ஆண்டு. துத்தநாக ஆக்சைடு மெல்படலம் வைத்து அம்மோனியா சென்சார் செய்கிறேன். ஸ்காலர்ஷிப் முடியப்போகிறது. போன மாதம் எங்கள் துறையில் வேலைவாய்ப்புப் பயிலரங்கு ஒன்று நடந்தது. பேச வந்தவர், “உங்கள் எல்லாருக்கும் வியூகச் சிந்தனை இருக்கிறது, அது எந்தத் துறையிலும் செல்லும், பயோடேட்டாவில் முதல் வரியாகப் போடுங்கள்” என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. காலையிலிருந்து கண்ணாடித் தகட்டில் ஸ்ப்ரே அடிக்கிறவனுக்கு என்ன வியூகம்? இது உண்மையா, இல்லை வெறும் கம்பெனிப் பேச்சா?

ஓர் ஆய்வு மாணவர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

அவர் சொன்னதில் பாதி உண்மை. வியூகம் வகுக்கத் தெரிந்தவருக்கு அது வேறு துறையிலும் உதவும். ஆனால் உங்கள் எல்லாருக்கும் அது இருக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்? பிஎச்டியில் சேர்ந்தாலே ஒட்டிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை அது.

உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். தகட்டின் வெப்பநிலை, கரைசலின் செறிவு, படலத்தின் தடிமன், எதை டோப் செய்வது (அதாவது எந்த வேற்றுத் தனிமத்தைச் சிறிதளவு கலப்பது), எத்தனை சதவீதம். இந்த ஐந்திலும் ஐந்தைந்து மதிப்பு வைத்தால் 3,125 சாம்பிள் வரும். அத்தனையும் செய்ய யாராலும் முடியாது. ஆக, நீங்கள் செய்ததைவிடச் செய்யாமல் விட்டது பல மடங்கு. ஏன் விட்டீர்கள்? “சீனியர் அண்ணன் அலுமினியம் 2, 4, 6 சதவீதம் போட்டார், நான் அதையே இண்டியத்தில் செய்தேன்” என்பதுதான் பதில் என்றால், அங்கே வியூகம் இல்லை. நம்மூர்த் தீசிஸ்கள் பலவும் அப்படித்தான், மன்னிக்கவும். “காற்றில் ஈரப்பதம் ஏறினால் ரீடிங் குழம்பியது. அதைத் தீர்க்காமல் டோப்பிங் பக்கம் போய்ப் பிரயோஜனமில்லை என்று அதை நிறுத்திவைத்தேன்” என்று சொல்ல முடிந்தால் கதை வேறு. நிறுத்திவைத்தேன் என்ற அந்த முடிவைத்தான் நான் வியூகம் என்பேன்.

இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் வெங்கி ராமகிருஷ்ணன் இருக்கிறார். சிதம்பரத்தில் பிறந்தவர், 2009இல் வேதியியல் நோபல் வாங்கியவர் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். எனக்குச் சுவாரசியமானது அதற்கு முந்தைய காலம்தான். 1976இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பிஎச்டி முடித்த கையோடு, சான் டியேகோவில் உயிரியல் மாணவராகப் போய் மறுபடியும் வகுப்பில் உட்கார்ந்தார். பிறகு யேல் பல்கலைக்கழகம். அங்கே பீட்டர் மூரின் ஆய்வகத்தில், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமை நியூட்ரான் சிதறல் முறையில் ஆராய்ந்தார். ரைபோசோமின் சிறிய பாதியில் 21 புரதங்களும் எங்கெங்கே இருக்கின்றன என்ற வரைபடம் 1987இல் முழுமையடைந்தது. ஆனால் அந்த முறையில் இருப்பிடம்தான் தெரியும், அணு அளவிலான அமைப்பு தெரியாது. கைவந்த முறையை விட்டுவிட்டு, 1991இல் வேலையிலிருந்து விடுப்பெடுத்துக் கேம்பிரிட்ஜ் போய், படிகவியல் கற்றுக்கொண்டார். பொருளைப் படிகமாக்கி, அதில் எக்ஸ் கதிரைச் செலுத்தி அணுக்களின் அமைப்பைக் கண்டறியும் முறை அது. நாற்பதை நெருங்கும் வயதில்.

அப்புறமும் நேராகச் சிறிய பாதி முழுவதும் அடங்கிய பெரிய படிகத்தில் பாயவில்லை. ரைபோசோமின் தனித்தனிப் புரதங்களின் அமைப்பை முதலில் கண்டுபிடித்தார்கள். எஸ்5 என்ற புரதம் 1992இல் வந்தது. அப்போது பார்த்தவர்களுக்கு உதிரி வேலையாகத் தெரிந்திருக்கலாம். 1999இல் சிறிய பாதியின் மங்கலான படம் 5.5 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு; எண் குறையக் குறையப் படம் தெளிவாகும்) கிடைத்தபோது, ஏற்கெனவே வடிவம் தெரிந்த அந்தப் புரதங்கள்தான் அதற்குள் வழிகாட்டும் மைல்கற்களாக நின்றன. பெரிய படிகம் கைகொடுக்காமல் போயிருந்தாலும் அந்தச் சின்ன வேலைகள் வீணாகியிருக்காது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அதே 1999இல் அமெரிக்காவின் யூட்டாவை விட்டு, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கேம்பிரிட்ஜுக்கே குடிபெயர்ந்தார். ரைபோசோம் வேலை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிதிக்கு விண்ணப்பித்துக்கொண்டே செய்யக்கூடியதாக இல்லை; கேம்பிரிட்ஜில் அந்தத் தொல்லை குறைவு.

இன்னொரு காட்சி. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் இருக்கும் சின்க்ரோட்ரானில், அதாவது எலக்ட்ரான்களை அதிவேகமாகச் சுழற்றும் இயந்திரத்தில், சக்திவாய்ந்த எக்ஸ் கதிர் கிடைக்கும், ஆனால் கிடைக்கிற நேரம் கொஞ்சம். படிகங்களோ ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. அதனால் முதலில் இங்கிலாந்தின் டேர்ஸ்பரியில், ஒவ்வொரு படிகத்தையும் இரண்டே முறை, சற்றே கதிர் காட்டிச் சோதித்தார்கள். தேறியது சிறு பகுதிதான். அதை மட்டும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 2000 செப்டம்பரில் சுமார் 3 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் சிறிய பாதியின் முழு அமைப்பும் வெளியானது. நம் இந்தூர் சின்க்ரோட்ரானில் பீம்டைம் (கதிரைப் பயன்படுத்த ஒதுக்கும் நேரம்) வாங்கிவிட்டு, ரயிலில் போகும்போது எந்த சாம்பிளை முதலில் வைப்பது என்று யோசிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் புரிகிறதல்லவா?

சரி, இது வேறு வேலைக்கு வருமா? வரும், ஆனால் தனியாக வராது. வெங்கி இயற்பியலில் வளர்த்த புத்தியை அப்படியே உயிரியலுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை, உள்ளூர் நுணுக்கங்களை முதலிலிருந்து படித்தார். நீங்கள் ஒரு சோலார் பேனல் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போனால், தேறும் பேனல்களின் விகிதம் குறையும்போது எந்த மெஷினை முதலில் சந்தேகப்படுவது என்று முதல் நாளே தெரியாது. எதைச் சோதித்தால் சந்தேகம் சீக்கிரம் பாதியாகக் குறையும் என்று கேட்கத் தெரியும். அந்த ஆலையில் பத்து வருஷமாக இருக்கும் டெக்னீஷியனிடம் மரியாதையாகப் பேசவும் தெரிந்தால் மீதியும் வந்துவிடும்.

பயோடேட்டாவில் வியூகச் சிந்தனை என்று எழுதாதீர்கள். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள், யாரும் படிப்பதில்லை. எதை நிறுத்தினீர்கள், எந்த டேட்டாவைப் பார்த்து நிறுத்தினீர்கள், அதனால் என்ன மிச்சமாயிற்று என்று இரண்டு வரி எழுதுங்கள். நேர்காணலில் அதைப் பிடித்துக்கொண்டுதான் கேட்பார்கள்.

எல்லா முடிவும் கைடு எடுத்ததுதான் என்றால், அதுவும் நடப்பதுதான், இன்னும் நேரம் இருக்கிறது. தீசிஸில் எந்த அத்தியாயம் வேண்டாம் என்று நீங்களே தீர்மானித்து, காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு அவரிடம் போய்ப் பேசுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், என்ன காரணம் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.