பலவீனத்தில்தான் பலம் என்றால், நோய் தீர ஜெபிக்கக் கூடாதா?

தாராளமாக ஜெபிக்கலாம். அப்போஸ்தலன் பவுலே மூன்று முறை கேட்டவர். தன் மாம்சத்தில் குத்துகிற முள்ளை எடுத்துவிடும் என்பதுதான் மன்றாட்டு (2 கொரிந்தியர் 12). அது கண் வருத்தமோ, எதிராளிகளின் தொல்லையோ, அவர் சொல்லவில்லை. கர்த்தரிடமிருந்து கிடைத்த பதில்: "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்." வருத்தம் ஆளைத் தானாக உறுதியாக்கும் என்று அங்கே இல்லை. சிலரை அது கசப்பாக்கியும் விடும்.

பலவீனத்தில் பலம் விளங்கியதற்கு உதாரணம் தேடி யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகத் தேவையில்லை. 1687இல், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கோவாவிலிருந்து வந்த யோசேப்பு வாஸ் அடிகளார் வயிற்றுளைவோடுதான் இங்கே கரைசேர்ந்தார். ஏலாத உடம்பு, கையில் காசில்லை, குருவென்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. தேறியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு பிச்சைக்காரனாக வீடுவீடாகப் போனார். அந்த மாலையைக் கண்டு முகம் மாறியவர்கள்தான் ஒளிந்திருந்த கத்தோலிக்கர். பிறகு சில்லாலையில் தங்கி இரகசியமாகப் பூசை வைத்தார். பல்லக்கில் வந்திருந்தால் ஒரு படலையும் திறந்திராது என்பது என் எண்ணம். (2015இல் புனிதர் பட்டம் கிடைத்தது.)

ஆனால் 1995 ஜூலையில் நவாலி தேவாலயக் குண்டுவீச்சில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், "இது உங்களைப் பலப்படுத்தத்தான்" என்று தயவுசெய்து சொல்லாதேயுங்கோ. பவுல் பேசியது தன் முள்ளைப் பற்றி. அந்தத் தாய்க்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. முறைப்பாட்டில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றும் கடைசியில் ஒட்டப்படவில்லை.