பூக்கிற மாமரத்தில் பிஞ்சு ஏன் நிற்பதில்லை?

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் 9 வருஷத்து பாதாமி ஒட்டு மரம். போன வருஷம் பூவே இல்லை. இந்த ஜனவரியில் மரம் முழுக்கப் பூ, ஆனால் எல்லாம் கருகிக் கொட்டுகிறது. தினமும் தண்ணீர் விடுகிறோம். மரத்தடியில் நிறுத்தும் ஸ்கூட்டர் சீட்டெல்லாம் பிசுபிசு. மாமியார் ஆணி அடிக்கச் சொல்கிறார், வீட்டுக்காரர் வெட்டச் சொல்கிறார்."

இரண்டும் வேண்டாம். பதில் அந்த ஸ்கூட்டர் சீட்டிலேயே இருக்கிறது.

அந்தப் பிசுபிசுப்பு மரத்துப் பால் இல்லை, தத்துப்பூச்சியின் கழிவு. பூங்கொத்தை லேசாகத் தட்டிப் பாருங்கள், கோதுமை மணியை விடச் சின்னதாக, ஆப்பு மாதிரி இருக்கும் பூச்சிகள் பட் பட்டென்று தெறித்து ஓடும். பூக்காம்பின் சாறை உறிஞ்சுவது இவைதான். இவை கழிக்கும் இனிப்பு நீர் இலையில் படிந்து, அதன் மேல் கரும்பூசணம் வளரும். இலையை விரலால் தேய்த்தால் கரி மாதிரி உரிந்து வருகிறதா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம். கொத்தில் வெள்ளையாக மாவு தூவியது போல இருந்தால் கூடவே சாம்பல் நோயும் இருக்கிறது; பெங்களூரின் ஜனவரிக் குளிர் அதற்கு ரொம்பப் பிடிக்கும்.

மருந்தை விட நேரம் முக்கியம். பூங்கொத்து நீள ஆரம்பிக்கும்போதே, பூ விரியும் முன், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய கொஞ்சம் சோப்புக் கரைசல், இதைச் சாயங்காலம் அடியுங்கள். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், இலை கருகிவிடும், நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். பூ முழுசாக விரிந்திருக்கும்போது எதையும் அடிக்கக் கூடாது, ஏனென்றால் மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் பெரும் பங்கு நாம் விரட்டுகிற ஈக்களுக்குத்தான்.

அப்புறம் தண்ணீர். நிறைய வீடுகளில் வாட்டர் ஃபில்டர் கழிவு நீர்க் குழாயை மாமரத்தடிக்கு இழுத்து விட்டிருப்பார்கள், தண்ணீர் வீணாகவில்லை என்ற திருப்தியில். மாமரத்துக்கு அது கெடுதல். மழை முடிந்ததும், நவம்பரிலிருந்து, மரம் கொஞ்சம் காய வேண்டும், காய்ந்தால்தான் கொழுந்து விடுவதை நிறுத்திவிட்டுப் பூவுக்குத் திரும்பும். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு வாரம் ஒரு முறை நன்றாக நனைய விட்டால் போதும். எருவும் அறுவடைக்குப் பின்தான்.

போன வருஷம் பூக்காதது பெரிய குற்றம் இல்லை. பாதாமி, அதாவது அல்போன்சா, ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கும் ரகம். வருஷா வருஷம் வேண்டுமென்றால் நீலம் வைத்திருக்க வேண்டும், ருசி வேறு என்பது வேறு விஷயம். பூ உதிர்வதையும் முழுசாகத் தடுக்க முடியாது: ஒரு கொத்தில் ஆயிரத்துக்கும் மேல் பூ இருக்கலாம், அதில் பெரும்பாலும் ஆண் பூ. கொத்துக்கு ஒரு காய் நின்றாலே மரம் தாங்காது.

ஆணி அடித்தால் அந்தக் காயத்தில் பூசணமும் தண்டுத் துளைப்பானும் குடியேறும், அவ்வளவுதான். கத்தியை எடுத்தே ஆக வேண்டுமென்றால், காய் பறித்த பின், ஜூலை ஆகஸ்டில், நடுவில் அடர்ந்திருக்கும் கிளைகளைக் கழித்து உள்ளே வெயில் விழ வையுங்கள். தத்துப்பூச்சி நிழலில்தான் பெருகும். நவம்பரில் மட்டும் வெட்டிவிடாதீர்கள், பூக்க வேண்டிய நுனி போய்விடும்.

அதுவரை ஸ்கூட்டரை வேறெங்காவது நிறுத்துங்கள்.